ஆவுடைநாயகம் வடிவுக்கு இங்கிலீஷ் கற்பித்த கதை

ஐம்பத்தேழாம் வருஷம் ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, தென்காசி கடைத்தெருவில் நடந்து போகையில் ஆவுடைநாயகம் ஒரு மாபெரும் தீர்மானம் செய்தார். இனிமேல் தாம் அடுக்களைக்குள் நுழைவது என்று.

இதில் மாபெரும் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஆவுடைநாயகத்தைத் தெரியாது. உயர்நிலைப் பள்ளிக்கூடத்தில் முதல் பாரத்துக்கும் இரண்டாம் பாரத்துக்கும், அதாவது ஆறாம் ஏழாம் வகுப்புகளுக்கு, இங்கிலீஷ் வாத்தியார். மேலகரத்தில் வீடு. கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷத்தில் அடுக்களை நிலைப்படியைத் தாண்டியதில்லை. நிலைப்படிக்கு இந்தப்புறம் நின்றுகொண்டு, "வடிவு, காப்பி" என்பார். காப்பி வரும். அது எப்படி உண்டாகிறது என்று அவர் ஒருநாளும் விசாரித்தது கிடையாது. ஒருமுறை வடிவாம்பாள் கோயிலுக்குப் போயிருந்தபோது தாகமெடுத்து, தம் வீட்டுத் தண்ணீர்ப்பானை எங்கே இருக்கிறது என்று பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பத்திடம் போய்க் கேட்டவர்.

அப்பேர்ப்பட்ட மனிதர் திடீரென்று அடுக்களைக்குப் படையெடுக்கக் காரணம், அரைமணி நேரத்துக்கு முன்னால் டாக்டர் சொன்ன சேதி. ஆறு மாதமாகவே வடிவாம்பாளுக்கு மூச்சு வாங்கிற்று. குடத்தை இடுப்பில் வைத்தால் மூச்சு, மாவாட்ட உட்கார்ந்தால் மூச்சு. டாக்டர் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு அவளை எதிரே உட்காரவைத்துக்கொண்டே, அவளுக்கு விளங்கக் கூடாது என்பதற்காக, ஆவுடைநாயகத்திடம் இங்கிலீஷில் பேசினார். இருதயத்தில் வால்வு கெட்டுவிட்டது. மருந்தால் கொஞ்சம் தள்ளிப்போடலாம், சரிசெய்ய முடியாது. பாரமான வேலை எதுவும் ஆகாது. அடுத்த ஆனியைப் பார்ப்பது கஷ்டம்.

"தேங்க் யூ, டாக்டர்" என்று ஆவுடைநாயகமும் இங்கிலீஷிலேயே சொன்னார். பதினைந்து வருஷமாக ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாஷை. சொந்தக் காரியத்துக்கு என்று அது உதவியது அன்று ஒருநாள்தான்.

வெளியே வந்ததும் பின்னாலிருந்து வடிவாம்பாள் கேட்டாள்.

"கேட்டீயளா, டாக்டர் என்ன சொன்னாரு?"

"ரத்தம் கொஞ்சம் குறைச்சலாம்."

"அதுக்கா அம்புட்டு நேரம் பேசினாரு?"

"இங்கிலீஷ்ல எதையும் சுருக்கமாச் சொல்ல முடியாது வடிவு. பேரீச்சம்பழம் திங்கணுமாம்."

"பேரீச்சம்பழம் திங்கப்போறது நான். நீங்க எதுக்கு வேர்த்துக் கொட்டுதீய?"

"வெயிலு."

"சாரல்லா அடிக்குது."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நாலடி முன்னாலேயே நடந்தார். முகத்தைக் காட்டினால் காரியம் கெட்டுவிடும் என்கிற அளவுக்கு அவருக்கு விவரம் இருந்தது.

அவளுக்குத் தெரியக் கூடாது. அது ஒன்றுதான் அப்போது அவர் மனசில் இருந்தது. தன் உயிருக்காகக் கவலைப்படுகிறவள் இல்லை அவள். பிள்ளைகளை நினைத்துத்தான் உருகிப்போவாள். அதற்குக் காரணம் உண்டு. வடிவாம்பாளுக்கு ஆறு வயதாகும்போது தாயார் போய்விட்டாள். பதினாறாம் நாள் முடிந்ததும் சொந்தக்காரர்கள் கூடி உட்கார்ந்தார்கள். சோறாக்கத் தெரியாத ஆண்பிள்ளை மூன்று பெண்குழந்தைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வான் என்றார்கள். மூத்தவளைக் கடையநல்லூருக்கும் நடுவுள்ளவளைச் செங்கோட்டைக்கும் இவளை வீரகேரளம்புதூருக்கும் அனுப்பினார்கள். அவர்கள் சொந்தத்தில் அது வழக்கம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. அக்கா தங்கைகள் அதற்குப் பிறகு ஒருவரையொருவர் கல்யாண வீடுகளில் பார்த்துக்கொண்டார்கள். இப்போது வடிவாம்பாளுக்கும் இரண்டு பெண்கள். தெரிந்தால் இருக்கிற நாளையும் அழுதே தீர்த்துவிடுவாள்.

ஆகவே அவளுக்குத் தெரியாமலே அவள் வேலையை எல்லாம் பிடுங்கிக்கொள்ள வேண்டும். எப்படி? காரணமில்லாமல் இவர் ஒரு செம்பைத் தூக்கினாலே அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சலா என்று கேட்பாள்.

வழியைப் பாடப்புத்தகம் காட்டிற்று. மூத்தவள் குழல்வாய்மொழி அந்த வருஷம்தான் முதல் பாரம் சேர்ந்திருந்தாள். எண்ணக்கூடிய பெயர்கள், எண்ண முடியாத பெயர்கள் என்று ஒரு பாடம். புத்தகத்தில் உதாரணம் போட்டிருந்தது: ரைஸ், சால்ட், மில்க், ஆயில், எக், பனானா. முட்டையைத் தவிர அத்தனையும் தம் வீட்டு அடுக்களையில் இருப்பதாக ஆவுடைநாயகம் யூகித்தார். மறுநாள் காலையில் அறிவித்துவிட்டார்.

"இன்னையிலேருந்து இங்கிலீஷ் கிளாஸ் அடுக்களையில."

வடிவாம்பாள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "எங்கன?"

"அடுக்களையில. பாடத்துல வார சாமான் எல்லாம் அங்கனதான இருக்கு. கண்ணால பாத்துப் படிச்சாத்தான் மண்டையில ஏறும். புது முறை. டிரெயினிங்ல சொல்லியிருக்காவ."

"அப்ப நான் எங்கன போய்ச் சமைக்க?"

"நீயும் உக்காந்து படி. ஹெட்மாஸ்டர் வீட்டம்மா இங்கிலீஷ் பேசுதால்லா? நீ பேசக் கூடாதா?"

"நான் படிச்சா சோறு யாரு ஆக்குவா?"

"பாடம் நடத்தும்போது அது பாட்டுக்கு ஆயிரும்."

இதைவிட முட்டாள்தனமான ஒரு வார்த்தையை ஆவுடைநாயகம் தம் ஆயுளில் சொன்னதில்லை. வடிவாம்பாள் சிரிக்கவில்லை. அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவரோரம் பலகையைப் போட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சரி சார். நடத்துங்க" என்றாள்.

இவ்வளவு லேசில் ஏமாந்துவிடுவாள் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. பாவம், கபடம் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டார்.

முதல் வகுப்பு பிரமாதமாகத் தொடங்கிற்று. அவர் மிளகாய் வற்றல் இரண்டைத் தூக்கிக் காட்டினார்.

"ஒன் சில்லி. டூ சில்லீஸ். எண்ணலாம். கவுண்டபிள். இது ரைஸ். எண்ண முடியாது. அன்கவுண்டபிள். எல்லாரும் சொல்லுங்க."

எல்லாரும் சொன்னார்கள், சின்னவள் சண்முகசுந்தரியைத் தவிர. அவளுக்கு ஏழு வயது. இங்கிலீஷ் படிக்கிற வயதில்லை. முறத்தின் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தவள் திடீரென்று நிமிர்ந்தாள்.

"அப்பா, நூத்தி நாப்பத்தி மூணு!"

"என்னதுட்டீ?"

"அரிசி. என் உள்ளங்கையில இருந்தது. எண்ணிட்டேன்."

"எண்ணக் கூடாதுட்டீ."

"ஏன்?"

"இங்கிலீஷ்காரன் எண்ண மாட்டான்."

"அவனுக்கு நூறுக்கு மேல தெரியாதா?"

"சண்முகா, சாரை மடக்காத" என்று வடிவாம்பாள் அதட்டினாள். பிறகு தானே கையைத் தூக்கினாள். "எனக்கு ஒரு சந்தேகம் சார். உப்பை எண்ண முடியாதுன்னா, கொழம்புக்கு எம்புட்டு உப்புன்னு எப்பிடிச் சொல்லுதது?"

"குட்! நல்ல கேள்வி. அளவை வச்சுச் சொல்லணும். எ ஸ்பூன் ஆஃப் சால்ட். உப்பை எண்ண முடியாது, கரண்டியை எண்ணலாம்."

"எத்தனை கரண்டி?"

ஆவுடைநாயகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது கொழம்பைப் பொறுத்தது."

"இந்தா, அடுப்புலதான் கொதிக்கி. நாலு பேருக்கு. சார் போட்டுக் காட்டினா நான் எழுதிக்கிடுவேன்."

சார் போட்டுக் காட்டினார். மூன்று கரண்டி. குற்றாலத்து அருவியை அப்படியே வாயில் திருப்பிவிட்டாலும் அன்றைக்கு அந்த வீட்டில் நாலு பேர் தாகமும் அடங்கியிராது. வடிவாம்பாள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, சாந்தமாக நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"அப்ப மூணு தப்பு. ஒண்ணரைன்னு போடுதேன். நாளைக்கு ஒண்ணரை போட்டுச் சரியா வருதான்னு காட்டிருங்க சார்."

மறுநாள் தண்ணீர் பாடம். வாட்டர், அன்கவுண்டபிள். குடம், கவுண்டபிள். குடத்தை எண்ணிக் காட்ட வேண்டுமானால் குடத்தில் தண்ணீர் இருக்க வேண்டும். ஆகவே ஆவுடைநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். வடிவாம்பாள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து இங்கிலீஷில் எண்ணினாள்.

"ஃபைவ். சிக்ஸ். செவன். ஃபைவ்."

"செவனுக்குப் பொறவு எய்ட்டு!"

"அப்பிடியா? குழம்பிப் போச்சு. பொறுங்க, ஒன்னுல இருந்து வாரேன்."

மூன்று தடவை ஒன்றிலிருந்து வந்தாள். அண்டா, தவலை, தொட்டி எல்லாம் நிரம்பித் தளும்பின. மதிலுக்கு மேலாகத் தங்கபுஷ்பத்தின் தலை தெரிந்தது.

"என்ன சார், தண்ணி இறைக்கிதீய? அக்காளுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. அவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கேன்."

"இப்பிடி ஒரு இங்கிலீஷ் இருக்கதுன்னா எங்க வீட்டு ஐயாவையும் உங்ககிட்ட சேத்துவிடுதேன் சார். அவரு எட்டாங்கிளாஸ் ஃபெயிலு."

தங்கபுஷ்பத்துக்குத் தெரிந்தது மேலகரம் முழுக்கத் தெரிந்தது. மேலகரத்துக்குத் தெரிந்தது தென்காசிக்கு பஸ் ஏறிப் போயிற்று. ஒரே வாரத்தில் பள்ளிக்கூடத்தில் அவருக்கு "ரசம் சார்" என்று பேராகிவிட்டது. முன்பெல்லாம் யாராவது சிரித்தால் அவர் காது சிவந்துவிடும். இப்போது அவர் கவலைப்படவில்லை. இறைக்கிற ஒவ்வொரு குடத்துக்கும் அவளுக்கு ஒருநாள் கூடும் என்று மனசுக்குள் ஒரு பைத்தியக்கார எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. இருந்தாலும் இறைத்தார்.

வாத்தியார் பார்வையில் வடிவாம்பாள் ஒரு மக்கு மாணவி. இரண்டு மாதம் கழிந்தும் தேங்காயெண்ணெயை எண்ணக்கூடியது என்றே எழுதினாள். பாலுக்கு எஸ் போட்டாள். ஆனால் சந்தேகம் கேட்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

"சார், புளித்தண்ணி கொதிக்கும்போது பச்சை வாசனை எப்பப் போகும்?"

"சார், அரிசிக்குத் தண்ணி எண்ண முடியாதுன்னீய. எந்த விரல் முங்குனாச் சரி?"

"சார், எண்ணெய் காஞ்சிட்டுன்னு இங்கிலீஷ்காரன் எப்பிடிக் கண்டுபிடிப்பான்?"

"கடுகைப் போட்டுப் பாப்பான்" என்றார் ஆவுடைநாயகம். ஆவணி பிறந்தபோது அதெல்லாம் அவருக்கு அத்துபடியாகிவிட்டிருந்தது.

"வெடிச்சா?"

"வெடிச்சாக் காஞ்சிட்டுன்னு அர்த்தம். உடனே தீயைக் குறைக்கணும். இல்லாட்டி வத்தல் கரிஞ்சிரும். இது கூடத் தெரியாம பதிமூணு வருஷமா என்னதான் சமைச்சியோ!"

"அதான் சார், நீங்க வந்த பொறவுதான் எல்லாம் விளங்குது" என்றாள் வடிவாம்பாள்.

ஆட்டுரலில் அவர் உள்ளங்கை கொப்புளம் கட்டிற்று. மாவு அன்கவுண்டபிள், இட்லி கவுண்டபிள். முதல்தடவை சுட்ட இட்லியைச் சண்முகசுந்தரி சுவரில் அடித்துப் பார்த்தாள், சுண்ணாம்பு உதிர்ந்தது. ஐந்தாம் தடவை சுட்டது பூவாக இருந்தது. அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து உளுந்தைப் பற்றி அவர் பேசிய பேச்சில் தமிழய்யா எழுந்து வெளியே போய்விட்டார்.

ஆவணிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வடிவாம்பாள் குற்றாலம் போக வேண்டும் என்றாள். சீசன் முடிகிற நேரம். அருவி மெலிந்திருந்தது. அருவிக்கடியில் நின்றால் அந்த இருதயம் தாங்குமா?

"குளிக்காண்டாம். சும்மா உக்காந்துட்டு வருவோம்" என்றார்.

"குற்றாலத்துக்குப் போய்க் குளிக்காம வாரதா? ஏன், எனக்கென்ன?"

"உனக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் ஜலதோஷம்."

"உங்களுக்கு ஜலதோஷம்னா நான் ஏன் குளிக்கக் கூடாது?"

அவர் மூக்கை உறிஞ்சிக் காட்டினார். அவளே விட்டுக்கொடுத்தாள். பெண்கள் குளிக்கிற பக்கம் பிள்ளைகளை மட்டும் அனுப்பிவிட்டு, பாறைமேல் தெறிக்கிற திவலையில் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் விடியற்காலையில் தனியாளாகக் கிண்டிக் கட்டிக்கொண்டுவந்த புளிச்சோற்றை இலையில் வைத்துக் கொடுத்தார். பக்கத்தில் கருவடாம். வடிவாம்பாள் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே இருக்கையில் அவள் கண்ணிலிருந்து தாரையாகத் தண்ணீர் இறங்கிற்று.

"என்ன வடிவு? காரமா?"

"அருவித்தண்ணி தெறிச்சிட்டு."

"எப்பிடி இருக்கு சோறு?"

"நல்லா இருக்கு" என்றாள். இலையை மடித்துவிட்டு, "இனி எனக்குக் கவலை இல்லை" என்றாள்.

பரீட்சையில் தேறினவர்போல ஆவுடைநாயகம் பூரித்துப்போனார். அந்தப் பூரிப்பு அடங்கியதும் துக்கம் பொங்கிற்று. எல்லாவற்றையும் சொல்லி, அவள் மடியில் தலையை வைத்துக் கதறிவிட வேண்டும் போலிருந்தது. ஈரப் பாவாடையோடு பிள்ளைகள் ஓடிவந்தார்கள். அவர் எழுந்துபோய் மங்குஸ்தான் பழம் வாங்கினார். பழக்காரி எதைக் கொடுத்தாளோ அதை வாங்கிக்கொண்டு வந்தார். வடிவாம்பாள் அதில் மூன்றைத் திருப்பி அனுப்பினாள். மேல்தோடு கல்லாக இறுகியிருந்தால் உள்ளே கெட்டிருக்கும், அமுக்கிப் பார்த்து வாங்க வேண்டும் என்றாள்.

ஐப்பசி மழையில் அவளுக்குக் கால் வீங்கிற்று. வகுப்பைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். அவள் கட்டிலில் சாய்ந்தபடியே சந்தேகம் கேட்பாள், அவர் அடுக்களையிலிருந்து சத்தமாகப் பதில் சொல்வார். ரத்தம் இன்னும் குறைவாகத்தான் இருக்கிறது, பேரீச்சம்பழம் போதவில்லை என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவளும், "ஆமா, எனக்கும் அப்பிடித்தான் தோணுது" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணி. அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் தங்கபுஷ்பம் வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"சார், ஒரு சந்தேகம்" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

"கேளு" என்றார்.

பதில் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். மூச்சு அடங்கியிருந்தது. அந்தச் சந்தேகத்தை அவள் கேட்கவே இல்லை. அவர் முழங்காலிட்டு உட்கார்ந்து, "கேளு வடிவு, கேளு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தங்கபுஷ்பம் ஓடிவந்து அவரைப் பிடித்துத் தூக்கும் வரைக்கும் சொன்னார்.

பதினாறு முடிந்தது. மறுநாள் காலையில் அவருடைய அக்கா செண்பகவல்லி பேச்சைத் தொடங்கினாள். வீரகேரளம்புதூர்க்காரி. வடிவாம்பாள் வளர்ந்ததும் அந்த அக்காவின் மாமியார் வீட்டில்தான். நல்ல மனுஷி. நல்ல மனுஷியாக இருந்ததால்தான் இரண்டு டிரங்குப் பெட்டியோடு வந்திருந்தாள்.

"ஏலே ஆவுடை, நான் சொல்லுததைக் கேளு. மூத்தவ என்கூட வரட்டும். சின்னவளைச் செங்கோட்டையில நம்ம சித்தி வச்சுக்கிடுதேங்கா. நீ லீவுக்கு லீவு வந்து பாத்துக்கோ."

"வேண்டாம்க்கா. இங்கனயே இருக்கட்டும்."

"இங்கன இருந்து? பட்டினி கிடக்கவா? வெந்நி வைக்கத் தெரியுமாலே உனக்கு? ஊரு உலகத்துல இல்லாததையா சொல்லுதேன்?"

குழல்வாய்மொழி தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள். இரண்டு பேரும் அழவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பஸ்ஸு ரெண்டு மணிக்குத்தான? சாப்பிட்டுட்டுப் பேசுவோம்க்கா" என்று சொல்லிவிட்டு ஆவுடைநாயகம் அடுக்களைக்குள் போனார்.

பதினொன்றரைக்கு இலை போட்டார். சோறு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, அவரைக்காய்ப் பொரியல், ரசம். அக்கா இதெல்லாம் தங்கபுஷ்பம் வீட்டிலிருந்து வந்ததாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குழம்பைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மெல்லுவதை நிறுத்தினாள். இரண்டாவது வாய். பிறகு ரசம் கேட்டாள். ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தாள். மறுபடி கேட்டாள்.

"யாருலே ஆக்கினா?"

"நான்தான்க்கா."

"பொய் சொல்லாத. இது வடிவு வைக்கிற ரசம்லா."

எழுந்து கையைக்கூடக் கழுவாமல் அடுக்களைக்குள் போய்ப் பார்த்தாள். அடுப்பு மெழுகியிருந்தது. அஞ்சறைப்பெட்டி திறந்திருந்தது. மறுநாளைக்கு உளுந்து ஊறிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்து செண்பகவல்லி வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "ஏட்டி, பெட்டியில வச்ச துணியை எல்லாம் எடுத்துக் கொடியில போடுங்கட்டீ" என்றாள்.

ஆவுடைநாயகத்துக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. ஐந்து மாதமாக ஒற்றை ஆளாகச் சுமந்தது. அக்காவிடம் கொட்டிவிட்டார்.

"டாக்டர் ஆனி மாசமே கைவிரிச்சிட்டாருக்கா. பாரமான வேலை செய்யக் கூடாதுன்னாரு. அதுக்காகத்தான் இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கேன்னு பொய் சொல்லி அடுக்களைக்குள்ள நுழைஞ்சேன். அவளை உக்கார வச்சிட்டு நான் செஞ்சேன். அவளுக்குக் கடைசி வரைக்கும் எதுவும் தெரியாது. ஒரு பொட்டு கூடத் தெரியாது. அது ஒண்ணுதான்க்கா எனக்கு ஆறுதல்."

இலை எடுத்துக்கொண்டிருந்த குழல்வாய்மொழி அப்படியே நின்றாள். தங்கச்சியைப் பார்த்தாள். தங்கச்சி இவளைப் பார்த்தாள்.

"அப்பா" என்றாள் குழல்வாய்மொழி. "அம்மாவுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாம். அன்னைக்கே தெரியுமாம். டாக்டரு இங்கிலீஷ்லதான் சொன்னாராம். ஆனா உங்க மூஞ்சி தமிழ்லல்லா கேட்டுக்கிட்டு இருந்துச்சாம்."

ஆவுடைநாயகம் அவள் கையிலிருந்த இலையை வாங்கிக் கீழே வைத்தார்.

"உங்ககிட்ட எப்பச் சொன்னா?"

"ஆடி மாசம். உங்களுக்குச் சமையல் வந்துட்டா எங்களை யாரும் பிரிக்க மாட்டாவளாம். எப்பிடி உங்களை அடுக்களைக்குள்ள கூப்பிடுததுன்னு யோசிச்சிக்கிட்டு இருந்தாளாம். நீங்களே வந்து நின்னீயளாம். நீங்க பள்ளிக்கூடம் போன பொறவு தினம் எங்ககிட்ட கேப்பா, 'இன்னைக்கு உங்கப்பா என்னட்டீ படிச்சாரு?'ன்னு."

பன்னிரண்டு வயதுக் குழந்தையும் ஏழு வயதுக் குழந்தையும் அதைச் சுமந்துகொண்டு தம்மோடு உட்கார்ந்து ஒன் சில்லி, டூ சில்லீஸ் சொல்லியிருக்கிறார்கள்.

"எங்கிட்ட ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலையேட்டீ" என்றார்.

"அம்மாதான் சொல்லக் கூடாதுன்னா" என்றாள் சண்முகசுந்தரி. "தெரிஞ்சா நீங்க அழுதுக்கிட்டே ரசம் வைப்பீயளாம். உப்பு கூடிப் போயிருமாம்."